சாரலன் என்று கூப்பிட்டால்

ஒரு காட்டில், கோரைக்குளத்தின் கரையில் ஒரு கீரிக் குடும்பம் பழைய புற்றுக்குள் குடியிருந்தது. அம்மா கீரியின் பெயர் நொச்சி. அப்பா கீரியின் பெயர் ஆவாரன். அவர்களுக்கு ஒரு ஆண் குட்டி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்தக் குட்டிக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. முதலில் சொந்தப் பெயர், அதன் பின்னால் குடும்பப் பெயர். யானைகள் பெருவழிக்காட்டார். மயில்கள் தோகைமலையார். நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கும் எருமைகள்கூட 'நாங்கள் பொன்வளநாட்டார்' என்று சொல்லித் தலையை ஆட்டும். ஆவாரன் குடும்பத்துக்கு வாய்த்தது 'டுக்.' அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் ஒன்றும் கிடையாது, பின்னாலும் ஒன்றும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் நொச்சியின் முழுப் பெயர் நொச்சி ஏழுபுற்றுமேட்டார். சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமான மறுநாளே அவள் நொச்சி டுக் ஆகிவிட்டாள். அந்த வருத்தத்தை அவள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. 'என் பிள்ளைக்காவது ஒரு பெயர் வைக்கிறேன் பார்! அந்த டுக்கே அழகாகிப்போகணும்!' என்று மனதுக்குள் சபதம் போட்டிருந்தாள்.

பத்தாம் நாள் பெயர் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் குட்டியின் அத்தை குளக்கரையில் நின்று, பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து மூன்று முறை உரக்கக் கூப்பிடுவாள். குட்டியின் காது அசைந்தால் பெயர் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

"பூவரசன்னு வைப்போமா?" என்று கேட்டான் ஆவாரன்.

"பூவரசன் டுக்! விக்கல் எடுத்தவன் கூப்பிட்ட மாதிரி இருக்கு!"

"அப்போ வேங்கையன்?"

"வேங்கையன் டுக்! புலி குழிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு! உங்க குடும்பத்துக்கு ஒரு பேர் வச்சாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும்!"

 ஆவாரனுடைய அக்கா வாகை கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவள்தான் அத்தை. அவள் சிரித்தாள். "பேர் கூப்பிடறதுக்குத்தானே நொச்சி? ஏதோ ஒண்ணு வச்சுட்டுப் புள்ளைக்குப் பால் குடு. பசியில கத்துது பாரு."

"உங்களுக்கென்ன மதினி, ஈசியா சொல்லிட்டீங்க!" என்று நொச்சி எழுந்து போய்விட்டாள்.

அவள் நேரே குளக்கரைக்குப் போனாள். நல்ல உச்சி வெயில். தண்ணீர் அசையவில்லை. தட்டான்கள் கூடப் பறக்கவில்லை. எதிர்க்கரையில் கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. நாம் கத்தினால் அந்தப் பாறை திருப்பிக் கத்தும். பெயரைச் சொல்லிப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது?

"நீலமேகன் டுக்!" என்று கூப்பிட்டாள்.

பாறையும் அதையே சொன்னது. நன்றாக இல்லை.

"இளவழுதி டுக்!"

பாறை சொன்னது. அதுவும் நன்றாக இல்லை. நொச்சி அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய் மூடி வெகுநேரம் ஆன பிறகு, எதிர்க்கரையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"சாரலன்."

நொச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெயரை அவள் கூப்பிடவே இல்லை. பாறை தானாக எப்படிச் சொல்லும்? கோரைக்குள் ஏதோ அசைந்து நின்றது. காற்றே இல்லை.

பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் நொச்சியின் வாய் அதற்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டது. "சாரலன் டுக்." மறுபடியும் சொன்னாள். "சாரலன்... டுக்." சாரல் அடித்து ஓய்ந்தபின் இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுமே, அப்படி இருந்தது! இத்தனை வருடம் அவள் வெறுத்த அந்த டுக், அந்தப் பெயருக்குப் பின்னால் வந்ததும் அழகாகிவிட்டது. நொச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கோரையை விலக்கிக்கொண்டு செம்போத்து ஒன்று வெளியே வந்தது. வாயில் ஒரு நத்தை.

"செம்போத்தாரே! நீங்களா சொன்னீங்க?" என்று நொச்சி இந்தக் கரையிலிருந்து கத்தினாள்.

"எதை?"

"சாரலன்னு ஒரு பேர்! எப்பேர்ப்பட்ட பேர்! இப்படி ஒரு பேரை யோசிக்க எவ்வளவு பெரிய அறிவு வேணும்!"

செம்போத்து ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. நத்தையை உடைப்பதிலேயே அதன் கவனம் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் அதை 'அறிவு' என்ற சொல்லோடு சேர்த்துப் பேசியதில்லை. அது நத்தையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தியது.

"வேற யாரு சொல்லுவா? நான்தான்!"

"குரல் சின்னப் புள்ளை குரல் மாதிரி இருந்துச்சே?"

"எனக்கு நாலஞ்சு குரல் உண்டும்மா!"

நொச்சி அதோடு திருப்தியாகிவிட்டாள். அந்தப் பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா, இருந்ததா என்று அவள் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது தடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

மறுநாள் உச்சி வேளையில் உறவெல்லாம் கூடியது. வாகை கரையில் நின்று, "சாரலன் டுக்! சாரலன் டுக்! சாரலன் டுக்!" என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை குட்டியின் காது அசைந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அதே நொடியில் எதிர்க்கரைக் கோரை இரண்டாகப் பிரிந்து மூடியதை வாகை மட்டும் பார்த்தாள்.

"என்னமோ சேத்து வாசனை அடிக்குதே," என்றாள் அவள்.

"குளத்தங்கரையில சேத்து வாசனை வராம சந்தன வாசனையா மதினி வரும்?" என்றாள் நொச்சி. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் எதுவும் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நொச்சிக்கு ஒரே வேலைதான். காலையில் எழுந்ததும் "சாரலன் டுக்!" பால் குடிக்க "சாரலன் டுக்!" சும்மா இருக்கும்போதும் "சாரலன் டுக்!" பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையைக்கூட, குளத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படிதான் கூப்பிடுவாள். ஆவாரன் ஒருநாள் ஆசையாக "சாரு" என்று கொஞ்சிவிட்டான். நொச்சி பாய்ந்துவிட்டாள். "பேரைச் சுருக்காதீங்க! முழுசா கூப்பிடுங்க! செல்லப் பேர், பட்டப் பேர் ஒண்ணும் என் புள்ளைக்கு வேண்டாம்!"

குட்டி வளர்ந்தான். ஓடத் தொடங்கினான். கோடையும் வந்துவிட்டது. குளம் பாதியாகச் சுருங்கி, கரையெல்லாம் புழுதியாகிவிட்டது. நொச்சி கூப்பிட்டால் குட்டி எங்கிருந்தாலும் ஓடி வருவான். வழியெல்லாம் புழுதியில் அவனுடைய சின்னக் கால்தடம் பதியும்.

ஒருநாள் ஆவாரன் அந்தத் தடங்களைக் குனிந்து பார்த்தான். அருகே இன்னொரு வரிசை இருந்தது. அதே அளவு, அதே கால். ஆனால் ஈரம். எதிர்க்கரையிலிருந்து புறப்பட்டுக் குளத்தைச் சுற்றி வந்து பாதி வழியில் நின்றிருந்தது.

"நொச்சி! இங்க வா! மழை பெய்ஞ்சு மூணு மாசம் ஆச்சு. இந்த ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"தவளை ஏதாவது குதிச்சிருக்கும்."

"தவளைக்கு ஏது கீரிக் காலு?"

 அன்றிலிருந்து ஆவாரன் கவனிக்கத் தொடங்கினான்.  நொச்சி ஒருமுறை கூப்பிட்டால் ஈரத் தடம் ஒரு அடி முன்னால் வருகிறது. அதே நேரத்தில் அவர்களுடைய பிள்ளை ஒரு அடி பின்னால் போகிறான். முன்பெல்லாம் புற்று வாசல் வரை ஓடி வந்தவன், இப்போது வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுகிறான். பிறகு கரை மேட்டில் நின்றான். பிறகு கரையை விட்டு இறங்கி நின்றான். தூக்கி வந்து புற்றுக்குள் விட்டாலும், அடுத்த முறை கூப்பிடும்போது அவன் கால் தானாகப் பின்னால் நடந்தது.

"அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாத நொச்சி. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"பேர் வச்சது கூப்பிடத்தானே? உங்களுக்கு உங்க குடும்பப் பேரை விட என் புள்ளை பேர் நல்லா இருக்குன்னு பொறாமை!"

இப்படிச் சொன்னால் எந்தப் புருஷன் மேற்கொண்டு பேசுவான்?

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் மயில் குட்டியைப் பார்க்க வந்தது. தோகைமலையார் வீட்டு மயில், லேசுப்பட்டதல்ல. நொச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைக்காகப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை "சாரலன் டுக்! சாரலன் டுக்!" என்று கூப்பிட்டுக் காட்டினாள். மயில் கழுத்தை நீட்டிக் கரைப் பக்கம் பார்த்தது.

"அடடா! ரெட்டைப் புள்ளைங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே! அதுல ஒண்ணு இப்பதான் குளிச்சிருக்கு போல!"

நொச்சி சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மயில் போன பிறகு அவள் புற்றுக்குள் வந்து படுத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே மங்கலாக இருந்தது. பிள்ளை வந்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். 'அப்பாடா, வந்துவிட்டான்!' என்று அவள் அவன் தலையை நக்கிக் கொடுத்தாள். நாக்கில் பாசி வழுக்கியது. உடம்பு சில்லென்று இருந்தது.

"குளத்துல குளிச்சியாடா?"

"நான் எப்பவும் இப்படித்தான்மா," என்றது அந்தக் குட்டி.

குரல் அவள் மகனுடையது இல்லை. அன்றைக்கு எதிர்க்கரையிலிருந்து பெயர் சொன்ன அதே குரல்.

நொச்சி வெளியே ஓடினாள். அவள் மகன் எதிர்க்கரைக் கோரைக்குள் நின்றிருந்தான். தண்ணீர் அவன் கால்களை மூடியிருந்தது. அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆவாரன் குளத்தைச் சுற்றி ஓடிப்போய் அவனை இழுத்தான், உலுக்கினான், அழுதான். அப்பா யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. வேரோடு நட்டதுபோல் நின்றான்.

நொச்சி கூப்பிட வாயைத் திறந்தாள். புற்றிலிருந்து கூடவே ஓடி வந்த குட்டியின் ஈரக் காதுகள் இரண்டும் அவள் பக்கத்தில் ஆவலாக நிமிர்ந்தன. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். தன் பிள்ளையைக் கூப்பிட அவளுக்கு வேறு பெயரே இல்லை. ஒரு செல்லப் பெயர்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

"செம்போத்தாரே!" என்று அலறினாள். "அந்தப் பேரை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

செம்போத்து கிளையிலிருந்து இறங்கியது. நடந்ததைப் பார்த்து அதன் சிவந்த கண் இன்னும் சிவந்துவிட்டது. "நான் சொல்லவே இல்லைம்மா! சத்தியமா! நீங்க பாராட்டினீங்க, நான் வாங்கிக்கிட்டேன்! கிடைச்சதை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?"

திட்டத்தான் நொச்சிக்கு வாய் துடித்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அவளும் அதைத்தானே செய்திருந்தாள்.

வாகை வந்தாள். ஈரக் குட்டியைப் பார்த்தாள். பயப்படவில்லை, குனிந்து அமர்ந்தாள். "யாரு வீட்டுப் புள்ளைடா நீ?"

"எதிர்க்கரைப் புத்து வீட்டுப் புள்ளை அத்தை. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில வெள்ளம் வந்துச்சு. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் நாங்க இங்க குடிவந்தோம். அப்பா, அம்மா, எல்லாரும் ஒண்ணா போயிட்டோம். என் பேர் சாரலன்."

வாகை நொச்சியைத் தனியே அழைத்துப் போனாள். "யாராவது செத்துப்போனா, பெத்தவங்க கரையில நின்னு முழுப் பேர் சொல்லி, 'போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் பேர் அவங்களை விட்டு இறங்கும், அவங்களும் போவாங்க. இந்தக் குழந்தைக்குச் சொல்ல யாரும் மிஞ்சலை. நீதான் சொல்லணும்."

"நானா? நான் அவன் அம்மா இல்லையே மதினி!"

"இத்தனை நாளா பேர் சொல்லிக் கூப்பிட்டது யாரு? அவன் தலையை நக்கிக் குடுத்தது யாரு? அப்புறம் நீ யாரு அவனுக்கு?"

"அதே பேருதானே எம் புள்ளைக்கும்? நான் போன்னு சொல்லி, அவனும் போயிட்டா?"

 தெரியாது என்றே சொன்னாள் வாகை.

எதிர்க்கரையில் தண்ணீர் இப்போது மகனின் வயிற்றைத் தொட்டது. கோடைக் குளத்தில் தண்ணீர் ஏறவில்லை, அவன்தான் இறங்கிக்கொண்டிருந்தான். ஆவாரன் அவன் கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பிடியை விடாமல், தானும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

நொச்சி ஈரக் குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.  ஏனென்று தெரியாமல் அவளுக்கு மடி கனத்தது.

"உன் முழுப் பேர் என்னடா கண்ணு?"

குட்டி யோசித்தது.  "நீங்க கூப்பிட்டது சாரலன் டுக். ஆனா அது நான் இல்லைம்மா. கூப்பிட ஆள் இருக்கேன்னு வந்துட்டேன். எங்க வீட்டுப் பேர்... நெடுந்துறையார்."

நொச்சி எழுந்து கரையில் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சாரலன் நெடுந்துறையார்! சாரலன் நெடுந்துறையார்! சாரலன் நெடுந்துறையார்!"

எதிர்க்கரைப் பாறை அதைத் திருப்பிச் சொல்லவில்லை. குளம் முழுவதும் காது கொடுத்ததுபோல் அமைதி. ஈரக் குட்டி கரைவரை நடந்து, தண்ணீரில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தது.

"போ," என்றாள் நொச்சி.

"போயிட்டு வான்னு சொல்ல மாட்டீங்களாம்மா?"

வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனிடம் எந்தத் தாயும் வெறும் 'போ' என்று சொல்ல மாட்டாள்.  'வா' என்ற சொல் நொச்சியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அவள் கடித்து நிறுத்தினாள்.

"இல்லடா தங்கம். போ."

குட்டி தலையாட்டியது. கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது, மறைந்தது. கரையில் ஈரத் தடம் ஒவ்வொன்றாகக் காய்ந்தது.

நொச்சி கூப்பிடவில்லை. குளத்தைச் சுற்றி ஓடினாள். கோரை உடம்பைக் கிழித்தது. கழுத்தளவு தண்ணீரில் ஆவாரனும் பிள்ளையும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைப் பிடரியில் கவ்வி மேட்டில் கொண்டுவந்து போட்டாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். அவளைப் பார்த்தான்.

"அம்மா! நீ ரொம்ப நாளா யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. என்னைக் கூப்பிடலைன்னு நெனைச்சேன்."

நொச்சி அவனை அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஆவாரன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்ல நிறைய இருந்தது. அவன் நல்லவன்.

அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பிள்ளைக்குப் பெயரே இல்லை. நொச்சி ஒவ்வொரு புற்றாக, ஒவ்வொரு மரமாகப் போனாள். "தும்பன்னு ஒரு பேர் வைக்கலாம்னு இருக்கோம். உங்க வீட்டுல யாருக்காவது இந்தப் பேர் இருக்கா? இருந்துச்சா?" என்று கேட்டாள். எருமைகளிடம் கேட்டாள், நத்தைகளிடம்கூடக் கேட்டாள். எல்லோரும் இல்லை என்று சொன்ன பிறகுதான் வாகை கரையில் நின்று கூப்பிட்டாள்.

"தும்பன் டுக்!"

செம்போத்து சிரிப்பை அடக்கப் பார்த்தது. முடியவில்லை. "தும்பன் டுக்! பாறையிலேர்ந்து பானை உருண்டு விழுந்த மாதிரி இருக்கே!"

"உருளட்டும்," என்றாள் நொச்சி. "உருண்டு வர்றது எம் புள்ளைதானே!"

தும்பன் ஓடி வந்தான். அவன் ஒருவன் மட்டும்தான் வந்தான். நொச்சி புழுதியில் அவன் கால்தடத்தைக் குனிந்து பார்த்தாள். எல்லாம் காய்ந்த தடம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிக்கு அடியில் எங்கோ வலித்தது.

கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று ஒன்றை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அது யாருடையது என்று கேட்டுவிட வேண்டும்.